முத்திரைத் தாளும் தேயிலைப் பெட்டியும்

1763ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 10ஆந் திகதி பாரிஸ் நகரிலே ஓர் உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. ஏழாண்டுப் போர் என வரலாறு கூறும் பெரும்போர் அத்துடன் முடிவுற்றது. பிரான்சு தேசம் கனடாவை இழந்தது. நியூ ஓர்லியன்ஸ் நகர் நீங்கலாக, மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கேயுள்ள நிலப்பரப்பு முழுவதும் ஆங்கிலேயர் வசமாயிற்று. வட அமெரிக்காவின் கீழ்க்கரையில் அமைந்திருந்த பதின்மூன்று ஆங்கிலக் குடியேற்றங்களிலும் வாழ்ந்த மக்கள் இவ்வெற்றியைத் தம்முடைய வெற்றியாகவே கொண்டாடினர். தாம் ஆங்கிலேயர் என்பதிலும், மூன்றாம் ஜோர்ஜ் மன்னரின் குடிகள் என்பதிலும் அவர்களுக்கு ஐயம் இருந்ததில்லை. அவ்வாறு கொண்டாடிய மக்களே பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்தபின், அதே மன்னரின் படைவீரரை நோக்கித் துப்பாக்கியை நீட்டினர். இடைப்பட்ட இப்பன்னிரண்டு ஆண்டுகளில் நிகழ்ந்தது யாது?

தாங்கொணாத வரிச்சுமையால் மக்கள் கிளர்ந்தெழுந்தனர் என்பது பலரும் கூறும் விடை. பள்ளிப் பாடநூல்கள் பலவும் அவ்வாறே கூறுகின்றன. ஆயின், கணக்கைப் புரட்டிப் பார்ப்போர்க்கு அவ்விடை பொருந்துவதில்லை. வரலாற்றாய்வாளர் தரும் ஒரு மதிப்பீட்டின்படி, 1765ஆம் ஆண்டளவில் பிரித்தானியாவில் வாழ்ந்த ஒருவர் ஆண்டொன்றுக்குச் சராசரியாக 26 சிலின் வரி செலுத்தினார். மசாசூசெற்ஸ் குடியேற்றத்தில் வாழ்ந்தவர் செலுத்தியதோ ஏறத்தாழ ஒரு சிலின் மட்டுமே. உலகிலே மிகக் குறைந்த வரி செலுத்திய மக்களுள் அமெரிக்கக் குடியேற்றத்தாரும் ஒருவர். அத்தகைய மக்கள் வரியின் பொருட்டுக் கிளர்ச்சி செய்தனர் என்றால், அவர்கள் எதிர்த்தது வரியின் அளவை அன்று, வேறொன்றை. அது என்னவென்பதை அறிய, முதலில் இலண்டன் திறைசேரியின் நிலையை அறிதல் வேண்டும்.

போரில் வென்ற நாடு பெருங்கடனாளியாகவும் ஆயிற்று. போரின் தொடக்கத்தில் ஏறத்தாழ 7 கோடி 20 இலட்சம் பவுணாக இருந்த பிரித்தானியாவின் தேசியக் கடன், போர் முடிந்தபோது 13 கோடியை எட்டியது. ஆண்டுதோறும் வட்டியாக மட்டும் 40 இலட்சம் பவுணுக்கு மேல் கட்ட வேண்டியிருந்தது. இங்கிலாந்திலோ நிலவரி பவுணுக்கு நாலு சிலினாக உயர்ந்து நின்றது. 1763இல் அப்பிள் மதுவின்மேல் வரி விதித்தபோது ஆங்கில நாட்டின் மேற்குப் பகுதிகளிலே குழப்பங்கள் மூண்டன. இனியும் உள்நாட்டாரிடம் கறக்க இயலாது என்ற நிலையில், அமெரிக்காவிலே பதினாயிரம் படைவீரரை நிலையாக நிறுத்துவதெனவும் அரசாங்கம் தீர்மானித்தது. அப்படையின் செலவில் ஒரு பகுதியையேனும் குடியேற்றத்தார் தாங்குதல் நியாயமன்றோ எனப் பிரதம மந்திரி ஜோர்ஜ் கிறென்வில் வினவினார். அவ்வினாவில் நியாயம் இல்லாமலில்லை. கிறென்வில் கொடுங்கோலர் அல்லர்; கணக்கிலே கண்ணுங் கருத்துமாயிருந்த நேர்மையான நிருவாகி. கணக்கு மட்டும் அறிந்தவர் என்பதே அவர்பாலிருந்த குறை.

இங்கே ஒன்றைக் குறிப்பிடல் வேண்டும். குடியேற்றங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சட்டங்கள் 1763இல் புதிதாகப் பிறந்தவையல்ல. 1651ஆம் ஆண்டு முதலாகவே கப்பற் போக்குவரத்துச் சட்டங்கள் நடைமுறையிலிருந்தன. அவற்றின்படி குடியேற்றங்களின் சரக்கு ஆங்கிலக் கப்பல்களிலோ, குடியேற்றத்தாரின் கப்பல்களிலோதான் ஏற்றப்படல் வேண்டும். புகையிலை, சீனி, அவுரி முதலிய பொருள்கள் நேரே பிறநாடுகளுக்குச் செல்லலாகாது. இங்கிலாந்துக்கே செல்லல் வேண்டும். 1732இன் சட்டமொன்று குடியேற்றங்களிற் செய்த தொப்பிகளை வெளியே அனுப்புவதைத் தடுத்தது. 1750இன் சட்டம் இரும்பை வார்ப்பாளமாக அனுப்ப ஊக்கமளித்து, அதனைத் தகடாக அடிக்கும் புதிய ஆலைகளுக்குத் தடை விதித்தது. மூலப்பொருள் தருவது குடியேற்றத்தின் கடன், செய்பொருள் விற்பது தாய்நாட்டின் உரிமை என்பதே அக்காலப் பொருளியற் கொள்கை.

இச்சட்டங்களைக் குடியேற்றத்தார் நூறாண்டுக்கு மேல் பொறுத்திருந்தனர். அதற்குக் காரணங்கள் இரண்டு. அவற்றால் அவர்களுக்கு ஆதாயமும் இருந்தது. அவர்கள் கட்டிய கப்பல்கள் ஆங்கிலக் கப்பல்களாகவே மதிக்கப்பட்டன, அவர்களின் புகையிலைக்கு இங்கிலாந்திலே போட்டியில்லாச் சந்தை கிடைத்தது. மற்றைய காரணம், பிடிக்காத சட்டத்தை எவரும் பொருட்படுத்தியதில்லை என்பதே. 1733ஆம் ஆண்டுச் சட்டமொன்று, பிரெஞ்சுத் தீவுகளிலிருந்து வரும் சீனிப்பாகுக்குக் கலன் ஒன்றுக்கு ஆறு பென்ஸ் தீர்வை விதித்தது. பொஸ்தன் முதலிய வட பகுதித் துறைமுகங்களில் அப்பாகிலிருந்தே றம் என்னும் சாராயம் வடிக்கப்பட்டது. ஆறு பென்ஸ் கட்டினால் தொழில் நடவாது. ஆகவே வணிகர், சுங்க உத்தியோகத்தரின் கையில் ஒரு சிறு தொகையை வைத்துவிட்டுப் பாகைக் கரையிறக்கினர். அமெரிக்கச் சுங்கப் பகுதி ஆண்டொன்றுக்கு இரண்டாயிரம் பவுணும் வசூலிக்கவில்லை என்றும், அதை வசூலிக்க ஏழாயிரம் பவுணுக்கு மேல் செலவாயிற்று என்றும் கண்டபோது கிறென்வில் திகைத்ததில் வியப்பில்லை. சுங்க உத்தியோகம் பெற்றவர் பலர் இங்கிலாந்திலேயே இருந்துகொண்டு, குறைந்த சம்பளத்துக்குப் பிரதிநிதிகளை அமெரிக்காவுக்கு அனுப்பியிருந்தனர்.

1764ஆம் ஆண்டின் சீனிச் சட்டம் பாகுத் தீர்வையை மூன்று பென்ஸாகக் குறைத்தது. தீர்வை பாதியாகக் குறைந்தபோது மகிழ வேண்டிய மக்கள் சினந்தனர். ஏனெனில் இம்முறை அரசாங்கம் அதனை உண்மையாகவே வசூலிக்க முனைந்தது. கடற்படைக் கப்பல்கள் கரையோரம் காவல் புரிந்தன. கப்பற்றலைவர் ஒவ்வொருவரும் கட்டுக்கட்டாகப் பத்திரங்கள் சமர்ப்பிக்க வேண்டியதாயிற்று. கைப்பற்றிய கப்பலின் வழக்கை யூரிமார் இல்லாத கடற்படை நீதிமன்றம் விசாரிக்கலாம். அத்தகைய நீதிமன்றம் ஒன்று தொலைவிலுள்ள ஹலிபாக்ஸ் நகரிலே நிறுவப்பட்டது. சரக்குக் குற்றமற்றது என்பதை நிறுவும் பொறுப்புச் சொந்தக்காரர்மேல் விழுந்தது. பறிமுதலான பொருளின் விலையில் மூன்றிலொரு பங்கு அதனைப் பிடித்தவருக்கே சேர்ந்தது. கப்பல்களைப் பிடிக்கப் பிடிக்க உத்தியோகத்தருக்கு வருவாய் பெருகும் முறைமை எந்நாட்டிலும் நன்மை பயந்ததில்லை.

அதே ஆண்டில் வந்த நாணயச் சட்டம் குடியேற்றங்கள் செல்லுபடியாகும் கடதாசிப் பணம் வெளியிடுவதைத் தடுத்தது. போர் முடிந்து வணிகம் மந்தமாயிருந்த காலம் அது. வெள்ளி நாணயம் அரிதாகிய வேளையிலே கடதாசி நாணயமும் நின்றது. தீர்வையையோ வெள்ளியாகவே செலுத்த வேண்டும். இதற்கு முந்திய ஆண்டில், அப்பலாச்சிய மலைத்தொடருக்கு மேற்கே எவரும் குடியேறலாகாது என மன்னரின் பிரகடனம் ஒன்று தடுத்திருந்தது. அந்நிலங்களுக்கு உரியவரான பூர்வகுடிகளோடு பூசல் விளையாதிருக்க எழுந்த பிரகடனம் அது. அதன் நோக்கம் தக்கதே. ஆயின் போரிலே வென்ற நிலம் தமக்கே என எண்ணியிருந்த குடியேற்றத்தார் அதனை அவ்வாறு காணவில்லை.

இவ்வாறு பல திசைகளிலும் நெருக்கம் கூடிய வேளையிலேதான் முத்திரைச் சட்டம் வந்தது.

1765ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 22ஆந் திகதி நிறைவேறிய இச்சட்டம் இங்கிலாந்துக்குப் புதுமையானதன்று. 1694 முதல் ஆங்கிலேயர் தம் நாட்டில் முத்திரைத் தீர்வை செலுத்தியே வந்தனர். அமெரிக்காவிலோ, நொவெம்பர் 1ஆந் திகதி தொடக்கம், காணி உறுதி, மரணசாசனம், வழக்குப் பத்திரம், கப்பற் பத்திரம், மதுச்சாலை அனுமதி, பட்டமளிப்புப் பத்திரம், பத்திரிகை, பஞ்சாங்கம் யாவும் இலண்டனிலிருந்து வரும் முத்திரையிட்ட தாளிலேயே அச்சிடப்படவோ எழுதப்படவோ வேண்டும். பட்டப் பத்திரத்துக்கு இரண்டு பவுண். பத்திரிகையில் வரும் விளம்பரம் ஒவ்வொன்றுக்கும் இரண்டு சிலின். விளையாட்டுக் கடதாசிக் கட்டுக்கு ஒரு சிலின், சூதாடும் தாயக்கட்டை இரண்டுக்குப் பத்து சிலின். இவற்றால் ஆண்டொன்றுக்கு அறுபதினாயிரம் பவுண் கிடைக்கும் என்பது எதிர்பார்ப்பு. பாராளுமன்றத்தின் பொதுச்சபையில் 245 பேர் இதற்குச் சார்பாகவும் 49 பேர் எதிராகவும் வாக்களித்தனர். பென்சில்வேனியாவின் பிரதிநிதியாக இலண்டனில் இருந்த பெஞ்சமின் பிராங்கிளினும் இனி வேறு வழியில்லை எனக் கருதி, பிலதெல்பியா நகரில் முத்திரைத் தாள் விற்கும் பதவிக்குத் தம் நண்பர் ஒருவரைப் பரிந்துரைத்தார். அறிவிற் சிறந்த அவரும் நாட்டின் நாடியை அப்போது அறியவில்லை.

இச்சட்டம் எவர்மேல் விழுந்தது என்பதைக் கிறென்வில் எண்ணிப் பார்க்கவில்லை போலும். நியாயதுரந்தரர், பத்திரிகை அச்சிடுவோர், வணிகர், மதுச்சாலை நடத்துவோர் ஆகியோரே இதனால் முதலிற் பாதிக்கப்பட்டனர். பேசவும் எழுதவும் வல்லோர் யாவரையும், மக்கள் ஒன்றுகூடும் இடங்களை நடத்துவோரையும் ஒரே சட்டத்தால் பகைத்துக்கொள்வது அரசியலறிவு ஆகாது. பிலதெல்பியாவிலே பத்திரிகை ஒன்று, சட்டம் நடைமுறைக்கு வரும் முன்னாளில், முத்திரை இருக்க வேண்டிய இடத்தில் மண்டையோட்டை அச்சிட்டுக் கல்லறைக் கல்லின் வடிவிலே வெளிவந்தது.

வேர்ஜீனியாவின் சட்டசபையிலே, மே மாத இறுதியில், பற்றிக் ஹென்றி என்னும் இளம் நியாயதுரந்தரர் சில தீர்மானங்களைக் கொண்டுவந்தார். வேர்ஜீனியர்மேல் வரி விதிக்கும் உரிமை அவர்கள் தெரிந்தெடுத்த சபைக்கே உண்டு என்பது அவற்றின் சாரம். பத்திரிகைகள் அவற்றைக் குடியேற்றந்தோறும் பரப்பின. ஓகஸ்டு மாதம் 14ஆந் திகதி, பொஸ்தனில் முத்திரைத் தாள் விற்பதற்கு நியமனம் பெற்றிருந்த அந்திரு ஒலிவரின் உருவப் பொம்மை ஒரு மரத்திலே தூக்கிலிடப்பட்டிருந்தது. விரைவில் அவர் பதவி வேண்டாமென்றார். பன்னிரண்டு நாள்களின் பின் கும்பலொன்று உபதேசாதிபதி தோமஸ் ஹட்சின்சனின் மாளிகையைத் தகர்த்தது. ஹட்சின்சன் வரலாற்றறிஞர், மசாசூசெற்ஸின் வரலாற்றை எழுதிக்கொண்டிருந்தவர். அவர் ஆண்டுக்கணக்கிற் சேர்த்த கையெழுத்துப் பிரதிகள் தெருச்சேற்றிலே சிதறிக் கிடந்தன. முத்திரைச் சட்டம் அறிவுடைமையன்று என இலண்டனுக்கு எடுத்துரைத்தவர்களுள் அவரும் ஒருவர் என்பதைக் கும்பல் அறியாது. விடுதலையின் வரலாறு எழுதுவோர் இப்பக்கத்தை விரைந்து புரட்டிவிடுவதுண்டு, புரட்டலாகாது.

ஒக்டோபர் மாதத்தில் ஒன்பது குடியேற்றங்களின் பிரதிநிதிகள் 27 பேர் நியூயோர்க் நகரிற் கூடினர். அதுவரையிலும் ஒருவரோடொருவர் எல்லைக்கும் வணிகத்துக்கும் பிணங்கிக் கொண்டிருந்த குடியேற்றங்கள் அவை. அவர்கள் மிகப் பணிவான சொற்களில் மன்னருக்கும் பாராளுமன்றத்துக்கும் விண்ணப்பம் எழுதினர். விண்ணப்பத்தினும் வலிமை வாய்ந்தது வணிகரின் தீர்மானம். சட்டம் நீங்கும்வரை பிரித்தானியச் சரக்கு வாங்குவதில்லை என அவர்கள் கட்டுப்பாடு செய்துகொண்டனர். நொவெம்பர் முதலாந் திகதி பிறந்தபோது முத்திரைத் தாள் விற்கத் துணிந்தவர் அரிதாயினர். ஜோர்ஜியாவில் மட்டும் சிறிதளவு விற்பனையாயிற்று.

பிரதிநிதித்துவம் பற்றிய வாதமே இக்கிளர்ச்சியின் உயிர்நாடி. பாராளுமன்றத்தில் அமெரிக்கரின் உறுப்பினர் ஒருவரும் இல்லை. ஆகவே அது அமெரிக்கர்மேல் வரி விதித்தல் பிறர் பொருளைப் பறித்தலாகும் என்றனர் குடியேற்றத்தார். இதற்குக் கிறென்வில் தரப்பார் கூறிய மறுமொழி சுவையானது. மான்செஸ்ரர், பேர்மிங்காம் என்னும் பெருநகரங்களுக்கும் பாராளுமன்றத்தில் உறுப்பினர் இல்லை. எனினும் அந்நகரத்தார் வரி செலுத்துகின்றனர். உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் தொகுதிக்கு மட்டுமன்றிப் பேரரசு முழுவதற்குமே பிரதிநிதி. எனவே அமெரிக்கரும் மறைமுகமாகப் பிரதிநிதித்துவம் பெற்றவரே என்றனர். வெறும் மண்மேடாகிவிட்ட பழைய சாறம் என்ற ஊருக்கு இரண்டு உறுப்பினர் இருந்த காலம் அது. மான்செஸ்ரருக்கு உறுப்பினர் இல்லாமை, அமெரிக்காவுக்கும் இல்லாதிருப்பதற்கு நியாயமாகுமா, அன்றி மான்செஸ்ரருக்கும் வழங்க வேண்டும் என்பதற்கு நியாயமாகுமா? மேலும், மான்செஸ்ரர் வணிகர்மேல் விழும் வரி, வரி விதிப்பவர்மேலும் விழும். அமெரிக்கர்மேல் விழும் வரியோ விதிப்பவரின் சுமையைக் குறைக்கும். இந்த வேற்றுமையை மேரிலாந்து நியாயதுரந்தரர் டானியல் டுலானி தெளிவாக எடுத்துக்காட்டினார்.

அமெரிக்காவுக்குச் சரக்கு போகாமையால் இங்கிலாந்தின் தொழில் நகரங்கள் வாடின. வணிகர் பாராளுமன்றத்துக்கு முறையீடு செய்தனர். கிறென்வில் ஏற்கனவே பதவியிழந்திருந்தார். றொக்கிங்காம் பிரபுவின் மந்திரிசபை 1766ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 18ஆந் திகதி முத்திரைச் சட்டத்தை நீக்கியது. அதே நாளில் வேறொரு சட்டமும் நிறைவேறிற்று. குடியேற்றங்களை எவ்வகைக் கருமத்திலும் கட்டுப்படுத்தும் சட்டங்களை இயற்றும் முழு அதிகாரம் பாராளுமன்றத்துக்கு உண்டு என்று அது கூறியது. அமெரிக்கர் முதலாவது சட்டத்தைக் கொண்டாடினர். இரண்டாவதைப் படித்தவர் சிலரே. நியூயோர்க் மக்கள் மன்னர்க்கு ஈயத்தாற் செய்து பொன்முலாம் பூசிய குதிரைச் சிலையொன்று நிறுவினர். 1776ஆம் ஆண்டு யூலை மாதத்தில் அதே மக்கள் அச்சிலையை வீழ்த்தினர். அதன் ஈயம் துப்பாக்கிக் குண்டுகளாக வார்க்கப்பட்டது.

1767இல் நிதி மந்திரியாயிருந்தவர் சாள்ஸ் ரவுன்செண்ட். சொல்வன்மை மிக்கவர், நிதானம் குறைந்தவர். அவ்வாண்டில் எதிர்க்கட்சியார் நிலவரியை மூன்று சிலினாகக் குறைத்து வைத்ததால் ஏறத்தாழ ஐந்து இலட்சம் பவுண் வருவாய் குறைந்தது. உள்நாட்டு வரியையே அமெரிக்கர் எதிர்க்கின்றனர், துறைமுகத் தீர்வையை எதிர்ப்பதில்லை என்று பிராங்கிளின் பாராளுமன்றத்தின்முன் சாட்சியம் கூறியிருந்தார். அவ்வாறாயின் துறைமுகத் தீர்வையே விதிப்போம் என்று ரவுன்செண்ட் கண்ணாடி, ஈயம், கடதாசி, வர்ணப்பூச்சு, தேயிலை ஆகியவற்றின்மேல் தீர்வை விதித்தார். கிடைக்கும் என எதிர்பார்த்தது நாற்பதினாயிரம் பவுண் மட்டுமே. ஐந்து இலட்சக் குறைவை நாற்பதினாயிரத்தால் நிரப்புதல் ஆகாத காரியம். ஆயின் சட்டத்தின் உட்பொருள் வேறு. அவ்வருவாயிலிருந்து தேசாதிபதிகளுக்கும் நீதிபதிகளுக்கும் சம்பளம் கொடுக்கலாம் என்று அது கூறிற்று. அதுவரை தேசாதிபதியின் சம்பளத்தைக் குடியேற்றத்தின் சட்டசபையே வழங்கி வந்தது. மக்கள் மனங்கோணாமல் நடக்குமாறு தேசாதிபதியைப் பிடித்திழுக்கும் கடிவாளம் அதுவே. ரவுன்செண்ட் அக்கடிவாளத்தை அறுத்தார். அவர் 1767 செப்ரெம்பரிலேயே காலமானார். தம் செயலின் விளைவை அவர் காணவில்லை.

இதனை முதலில் உணர்த்தியவர் ஜோன் டிக்கின்சன். பென்சில்வேனியாவின் உழவர் ஒருவர் எழுதும் கடிதங்கள் என்ற பெயரில் அவர் பன்னிரண்டு கடிதங்களைப் பத்திரிகையில் வெளியிட்டார். வணிகத்தை ஒழுங்கு செய்யப் பாராளுமன்றம் தீர்வை விதிக்கலாம். வருவாய் தேடி விதித்தல் ஆகாது என்பது அவர் வாதம். சிறு தீர்வை என்று வாளாவிருந்தால் அதுவே பெருந்தீர்வைக்கு வழிகாட்டியாகும் என அவர் எச்சரித்தார். தம்மை அடிமைகளாக்க முயல்கின்றனர் என்ற சொல் அக்காலக் குடியேற்றத்தாரின் எழுத்துகளில் எங்கும் காணப்படும். பதின்மூன்று குடியேற்றங்களின் மக்களுள் ஐந்திலொருவர் உண்மையாகவே அடிமைகளாயிருந்த ஆபிரிக்கர் என்பதையும், அச்சொல்லை எழுதியவருட் பலர் அவ்வடிமைகளின் சொந்தக்காரர் என்பதையும் நேயர்கள் மறவாதிருத்தல் நன்று. டிக்கின்சனும் அவர்களுள் ஒருவரே. பிற்காலத்தில் அவர் தம் அடிமைகளை விடுதலை செய்தார்.

மீண்டும் வணிகர் சரக்கு மறுத்தனர். பெண்கள் வீடுகளில் நூல் நூற்றனர். ஆங்கிலத் துணிக்குப் பதிலாகக் கைத்தறித் துணி உடுத்துவது பெருமையாயிற்று. மசாசூசெற்ஸ் சட்டசபை ஏனைய சபைகளுக்குச் சுற்றறிக்கை அனுப்ப, அதனை மீளப் பெறுமாறு இலண்டன் கட்டளையிட்டது. 92 உறுப்பினர் மறுத்தனர். 17 பேரே இசைந்தனர். 1768ஆம் ஆண்டு ஒக்டோபரில் படைகள் பொஸ்தனில் வந்திறங்கின. பதினாறாயிரம் மக்கள் வாழ்ந்த நகரம் அது. படைவீரர் ஓய்வு நேரங்களிற் குறைந்த கூலிக்கு வேலை செய்தமையால் நகரத் தொழிலாளரோடும் பகை முற்றியது. 1770 மார்ச்சு 5ஆந் திகதி இரவு, பனி மூடிய வீதியில், சுங்கச்சாலையின்முன் நின்ற காவலாளனைச் சூழ்ந்த கூட்டத்தின்மீது வீரர் சுட்டனர். ஐவர் மாண்டனர். அவ்வீரர்களுக்காக நீதிமன்றிலே வாதாடியவர் பிற்காலத்தில் அமெரிக்காவின் இரண்டாவது சனாதிபதியான ஜோன் அடம்ஸ். பெரும்பாலோர் குற்றமற்றவராக விடுதலை பெற்றனர். அந்நகரில் நீதி இன்னும் செத்துவிடவில்லை என்பதற்கு அது சான்று.

அதே மார்ச்சு 5ஆந் திகதி, இச்செய்தி எட்டுவதற்கு வாரங்கள் இருக்கையில், இலண்டனிலே பிரதம மந்திரி நோர்த் பிரபு ரவுன்செண்டின் தீர்வைகளை நீக்கும் பிரேரணையைக் கொண்டுவந்தார். தேயிலைத் தீர்வை மட்டும் நீங்கவில்லை. இறாத்தலுக்கு மூன்று பென்ஸ். பாராளுமன்றத்தின் உரிமைக்கு அடையாளமாக அது நிற்கட்டும் என்றனர். அதற்கு முந்திய ஆண்டில் மந்திரிசபையிலே இம்முடிவு ஒரே வாக்கினால், ஐந்துக்கு நான்காக, நிறைவேறியிருந்தது.

தேயிலை என்றவுடன் நேயர்கள் இலங்கைத் தேயிலையை எண்ணலாகாது. இந்நாட்டிலே தேயிலை வணிகப்பயிரானது 1867ஆம் ஆண்டிலேயே. அந்நாளைய தேயிலை முழுவதும் சீனத்துத் தேயிலை. அதனைக் கொண்டுவரும் தனியுரிமை கிழக்கிந்தியக் கொம்பனிக்கு இருந்தது. கொம்பனியோ அக்காலம் வீழ்ச்சியின் விளிம்பில் நின்றது. மைசூர் ஹைதர் அலி சென்னையின் வாயில்வரை வந்துவிட்டான் என்ற செய்தி 1769இல் இலண்டனை எட்டியபோது அதன் பங்குகளின் விலை சரிந்தது. அடுத்து வங்காளத்தைப் பெரும்பஞ்சம் அழித்தது. 1772இல் ஐரோப்பாவில் கடன் நெருக்கடி மூண்டது. கொம்பனியின் இலண்டன் பண்டசாலைகளில் 170 இலட்சம் இறாத்தல் தேயிலை விற்பனையாகாது கிடந்தது. அமெரிக்கர் பெரும்பாலும் ஒல்லாந்தரிடமிருந்து கள்ளக்கடத்தலாக வந்த தேயிலையையே அருந்தினர்.

1773 மே மாதத்தில் நிறைவேறிய தேயிலைச் சட்டம் கொம்பனியைக் காக்க எழுந்தது. அமெரிக்கரை ஒடுக்க எழுந்ததன்று. இங்கிலாந்தில் அறவிடும் தீர்வையைக் கொம்பனிக்குத் திருப்பிக் கொடுப்பது, இடைத்தரகரை நீக்கிக் கொம்பனியே தன் முகவர்மூலம் அமெரிக்காவில் விற்பது, இதனால் கள்ளத் தேயிலையிலும் மலிவாக விற்பது என்பன ஏற்பாடு. அமெரிக்கத் தீர்வையாகிய மூன்று பென்ஸையும் நீக்கிவிடுங்கள், இல்லையேல் அவர்கள் தேயிலையை வாங்கார் எனப் பொதுச்சபையில் வில்லியம் டவுடஸ்வெல் என்னும் உறுப்பினர் எடுத்துரைத்தார். நோர்த் பிரபு இசையவில்லை. தேசாதிபதிகளின் சம்பளத்துக்கு அப்பணம் வேண்டியிருந்தது. உரிமையையும் விட்டுக்கொடுக்க மனமில்லை. தேயிலை மலிந்தது; மலிவே ஐயத்தை விளைத்தது. மலிவுக்கு ஆசைப்பட்டு வாங்குவோர் மூன்று பென்ஸையும் சேர்த்தே செலுத்துவர். செலுத்தினால் பாராளுமன்றத்தின் உரிமையை ஒப்புக்கொண்டவராவர். இன்று தேயிலையிற் கொம்பனிக்குத் தனியுரிமை என்றால் நாளை எதிலும் தரலாம் என வணிகரும் அஞ்சினர். கள்ளக்கடத்தலால் செல்வரானோர் இவ்வெதிர்ப்புக்கு எண்ணெய் வார்த்தனர் என்பதும் மறைக்கத்தக்கதன்று.

ஏறத்தாழ ஆறு இலட்சம் இறாத்தல் தேயிலை நான்கு துறைமுகங்களுக்குப் புறப்பட்டது. நியூயோர்க்கிலும் பிலதெல்பியாவிலும் கப்பல்கள் இறக்காமலே திரும்பின. சாள்ஸ்தன் நகரில் தேயிலை இறக்கப்பட்டு விற்பனையின்றி நிலவறையிற் கிடந்தது. பொஸ்தனில் தேசாதிபதியாயிருந்தவர் அதே ஹட்சின்சன்; அவருடைய மைந்தர் தேயிலை முகவருட் சேர்ந்திருந்தனர். தீர்வை கட்டாத கப்பலைத் துறையை விட்டுப் போக விடேன் என்றார் அவர். மக்களோ தீர்வை கட்ட விடோம் என்றனர். துறையை அடைந்து இருபது நாளுக்குள் தீர்வை கட்டாத சரக்கைச் சுங்கப்பகுதி கைப்பற்றலாம். நொவெம்பர் 28ஆந் திகதி வந்த டாட்மத் என்னும் கப்பலுக்கு அத்தவணை டிசெம்பர் 17ஆந் திகதியோடு முடிவது.

டிசெம்பர் 16ஆந் திகதி பொஸ்தனின் பழைய தென்கோவிலில் ஐயாயிரம் மக்கள் திரண்டனர். கப்பற் சொந்தக்காரர் கடைசி முறையாகத் தேசாதிபதியிடம் அனுமதி வேண்டிப் போய், மாலை ஆறுமணியளவில் வெறுங்கையோடு திரும்பினார். மொகாக் குடியினரைப்போல வேடம் பூண்ட கூட்டம் துறைக்குச் சென்றது. மூன்று கப்பல்கள், மூன்று மணி நேரம், 342 பெட்டிகள். 92,000 இறாத்தல் தேயிலை கடலிற் கலந்தது. கடல் வற்றியிருந்த வேளையாதலின் தேயிலை கப்பலோரத்தில் மேடாகக் குவிந்தது என்பர். வேறெந்தப் பொருளுக்கும் சேதம் விளைவிக்கலாகாது என்பது கட்டளை. கொம்பனி கணக்கிட்ட இழப்பு 9,659 பவுண். தேயிலை விருந்து என்ற வேடிக்கைப் பெயர் இந்நிகழ்ச்சிக்குப் பல பத்தாண்டுகளின் பின்னரே வழங்கலாயிற்று; அன்று அதனை வேடிக்கையாகக் கருதியவர் அரியர். இலண்டனிலிருந்த பிராங்கிளின்கூடத் தேயிலைக்கு இழப்பீடு கொடுத்துவிடுதல் நன்று எனக் கருதினார்.

இலண்டன் அதற்குக் காத்திருக்கவில்லை. 1774இல் நான்கு தண்டனைச் சட்டங்கள் தொடர்ந்து வந்தன. கொம்பனிக்கு இழப்பீடு கிடைக்கும்வரை பொஸ்தன் துறைமுகம் யூன் முதலாந் திகதி முதல் மூடப்பட்டது. மசாசூசெற்ஸின் மேற்சபை உறுப்பினரை இனி மன்னரே நியமிப்பார். ஊர்க்கூட்டங்கள் தேசாதிபதியின் அனுமதியின்றி ஆண்டில் ஒரு முறைக்குமேற் கூடலாகா. கொலைக்குற்றம் சாட்டப்பட்ட அரச உத்தியோகத்தரை வேறு குடியேற்றத்திலோ இங்கிலாந்திலோ விசாரிக்கலாம். படைவீரருக்கு வெற்று வீடுகளில் இடம் ஒதுக்கலாம். வரியைப் பற்றிய பிணக்கு இங்கே முடிவடைந்தது. தம் ஊரின் ஆட்சி தம்மிடம் நிலைக்குமா என்ற பிணக்குத் தொடங்கியது. தேயிலையை எறிந்தவர் நூறு பேரளவினர். தண்டனை பெற்றது ஒரு நகரம் முழுவதும். கூலிக்கு மூட்டை சுமந்தவனும் கப்பற்கயிறு முறுக்கியவனும் வேலையிழந்தனர். பொஸ்தனைத் தனிமைப்படுத்தினால் ஏனையோர் அஞ்சுவர் என்பது நோர்த் பிரபுவின் கணிப்பு. தென் கரோலினாவிலிருந்து அரிசியும், கனெற்றிக்கற்றிலிருந்து செம்மறியாடுகளும், வேறிடங்களிலிருந்து தானியமும் பொஸ்தனுக்கு வந்து சேர்ந்தன.

1774 செப்ரெம்பர் 5ஆந் திகதி, ஜோர்ஜியா நீங்கலாகப் பன்னிரண்டு குடியேற்றங்களின் பிரதிநிதிகள் பிலதெல்பியாவிற் கூடினர். விடுதலை என்ற சொல்லை அங்கு கூறத் துணிந்தவர் மிகச் சிலர். ஆயின் பிரித்தானியச் சரக்கை முற்றாக ஒதுக்குவதென முடிவாயிற்று. அதனைக் கண்காணிக்க ஊர்தோறும் குழுக்கள் அமைக்கப்பட்டன. அக்குழுக்களே நாளடைவில் அரசாங்கத்தின் கருமங்களைக் கையேற்றன. 1774இல் 25 இலட்சம் பவுணுக்கு மேற்பட்டிருந்த பிரித்தானிய ஏற்றுமதி 1775இல் இரண்டு இலட்சத்தளவாக வீழ்ந்தது. 1775 மார்ச்சு 22ஆந் திகதி எட்மண்ட் பேர்க் பொதுச்சபையில் எழுந்து, வரி விதிக்கும் உரிமை உண்டா இல்லையா என்ற ஆராய்ச்சியை விட்டு, அம்மக்களை மகிழ்வித்து வைத்திருத்தல் நன்மையா தீமையா என்று எண்ணுமாறு மன்றாடினார். சபை அவர் பேச்சைப் பாராட்டியது; பிரேரணையைத் தோற்கடித்தது. நான்கு வாரங்களின் பின், ஏப்பிரல் 19ஆந் திகதி வைகறையில், லெக்சிங்ரன் என்னும் ஊரின் புற்றரையில் குடியேற்றத்தார் எண்மர் சுடப்பட்டு மாண்டனர். அன்று மாலை படை பொஸ்தனுக்குத் திரும்பியபோது ஆங்கிலேயர் தரப்பில் இறந்தோர் 73 பேர்.

1778ஆம் ஆண்டு, சரட்டோகாவில் ஆங்கிலப் படையொன்று சரணடைந்த செய்தியும், பிரான்சு அமெரிக்கரோடு உறவு பூண்ட செய்தியும் வந்தபின், நோர்த் பிரபுவின் மந்திரிசபை தேயிலைத் தீர்வையை நீக்கியது. இனி வட அமெரிக்காவிலும் மேற்கிந்தியத் தீவுகளிலுமுள்ள குடியேற்றங்களின்மீது வருவாய் கருதிப் பாராளுமன்றம் வரி விதியாது எனவும் சட்டம் இயற்றியது. 1765இலோ 1773இலோ கேட்டது கிடைத்துவிட்டது. அதனை எடுத்துக்கொண்டு தூதுவர் அமெரிக்காவுக்குச் சென்றபோது, வரியைப்பற்றிப் பேச அங்கு எவரும் ஆயத்தமாயில்லை; படையைத் திரும்ப அழையுங்கள், எம் சுதந்திரத்தை ஒப்புக்கொள்ளுங்கள் என்றே மறுமொழி வந்தது. 1783 செப்ரெம்பர் 3ஆந் திகதி, மீண்டும் பாரிஸ் நகரிலேயே, அவ்வொப்புதல் கைச்சாத்தாயிற்று. அடுத்த ஆண்டில் இளைய வில்லியம் பிற், இங்கிலாந்திலே தேயிலைத் தீர்வையைச் சராசரி 119 சதவீதத்திலிருந்து பன்னிரண்டரைச் சதவீதமாகக் குறைத்தார். கள்ளத் தேயிலை வாணிகம் சில ஆண்டுகளிலேயே ஓய்ந்தது. கொம்பனியின் பண்டசாலைகளும் காலியாயின.